ஆவடியை யாருக்கும் பிடிக்கவில்லை

ஜெயிக்க முடிந்தவர்களோடு மட்டும் ஆடுவது என்பது எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் குழுவின் கொள்கை. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும். எல்லோரும் பயிற்சி என்றார்கள், நட்பு என்றார்கள், பெண்களும் வெளியுலகத்தைப் பார்க்க வேண்டாமா என்றார்கள். அவர்கள் சொன்ன வெளியுலகம், எங்களைவிட ஒரு முழம் குள்ளமான பள்ளிக்கூடத்துக் குழந்தைகள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். என் வீடு அம்பத்தூரில், ஏரியை ஒட்டிய பழைய ஊரில். கல்லூரிகளுக்குள் நடக்கும் கோப்பைப் போட்டி மழைக்காலம் முடிந்த பிறகுதான் வரும். அதற்கு முன் ஆடி மாதத்தில், கல்லூரி அல்லாத குழுக்களோடு சில ஆட்டங்கள் ஆடிப் பழகுவோம். அதை வெளியாட்டம் என்போம். யாரோடு, எங்கே, எந்த நாளில் என்று அந்தப் பட்டியலைப் போடுவதற்கு எங்கள் காப்டன் பட்ட பாட்டில் பாதியை ஆட்டத்தில் பட்டிருந்தால் நாங்கள் ஆம்பிளைகளையே தோற்கடித்திருப்போம்.

காப்டன் ஒரு ஜட்ஜின் மகள். ஆட்டக்களத்துக்குச் சிமெண்டு போட்டுக் கொடுத்தவர் அந்த ஜட்ஜ். அதனால் அவள் காப்டன். பந்து தன் பக்கம் வந்தால் முதலில் முந்தானையைச் சரிசெய்வாள், பிறகு பந்து எங்கே என்று தேடுவாள். அதற்குள் அது எதிராளி கையில் இருக்கும். உடனே எங்களைப் பார்த்து, "என்ன, எல்லோரும் தூங்கறீங்களா?" என்பாள்.

எங்களுக்குப் பொறுப்பாக ஒரு விளையாட்டு மிஸ் இருந்தார். கல்யாணமாகாத கிறிஸ்தவப் பெண்மணி. நல்ல மனுஷிதான், ஆனால் முதுகெலும்பு இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. வாசலில் ஜட்ஜ் வீட்டுக் கார் வந்து நின்றால், உள்ளே யாரும் இல்லை, டிரைவர் மட்டும்தான் என்று தெரிந்தும் எழுந்து நிற்பார்.

எங்கள் கல்லூரியில் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தார்கள். களத்தின் குறுக்கே நடுவில் ஒரு கோடு. பந்து போடுகிறவர்கள் அந்தப் பாதியில், தடுக்கிறவர்கள் இந்தப் பாதியில். யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகம் ஓடினால் பெண்களின் உடம்புக்கு ஆகாதாம். ஏரியிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ஏறி வருகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை மிஸ்ஸுக்காக அடக்கிக்கொண்டேன். நான் தடுக்கிறவள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வளையத்தில் பந்து போட்டதில்லை. பிடுங்குவேன், கோடு வரை கொண்டுபோவேன், அங்கே நிற்கிற காப்டனிடம் கொடுப்பேன். அவள் தவறவிடுவாள்.

அந்த வருஷத்துப் பட்டியலை மிஸ் அறையில் உட்கார்ந்து போட்டோம். முதலில் ஒரு கான்வென்ட்டின் சிறுமிகள். வளையத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற வயசு. அடுத்தது எங்கள் கல்லூரியின் பழைய மாணவிகள். எல்லோரும் கல்யாணமானவர்கள், பாதி ஆட்டத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விடுவார்கள். பிறகு ஆஸ்பத்திரி நர்சுகள். இரவு வேலை முடித்துவிட்டு நேராக வருவதால் நின்றுகொண்டே தூங்குவார்கள். பிறகு பூந்தமல்லி மிஷன் பள்ளியின் ஆசிரியைகள். இவர்களை வைத்ததற்கு ஒரே காரணம், ஆட்டத்துக்கு முன்பே இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் போடுவார்கள். நாங்கள் தின்ற தீனியில் ஓட முடியாமல் போக, போன வருஷம் அவர்களிடமே தோற்கப் பார்த்தோம்.

ஆளைப் பிடிப்பது சுலபம். நாளைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவப் பெண்கள் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் செய்கிற பெண்கள் வர மாட்டார்கள். செவ்வாய் யாருக்கும் ஆகாது. அது போக, ஒவ்வொருத்திக்கும் மாதத்தில் வீட்டுக்கு விலக்கான நாட்கள் உண்டு. அதையெல்லாம் காப்டன் குசுகுசுவென்று விசாரித்து, பட்டியலின் ஓரத்தில் தலைவலி, தலைவலி என்று குறித்துவைப்பாள். எல்லாம் கழிந்தது போக மிஞ்சியது சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். "எங்க ஊர்ல எருமையை மேய்க்க ஓட்டறதுக்குக்கூட இத்தனை பார்க்க மாட்டாங்க" என்றேன். காப்டனுக்கு முகம் சுண்டிவிட்டது.

பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் பாக்கி இருந்தது. ஆவடி.

ஆவடியில் அப்போது பெரிய பட்டாளத்து கேம்ப் வந்திருந்தது. டெலிபோனுக்கும் டைப் அடிக்கவும் பெண்களையும் பட்டாளத்தில் சேர்த்திருந்தார்கள். காக்கி உடுப்புப் போட்ட பெண்கள். அவர்களில் எட்டுப் பேர் பாஸ்கெட்பால் ஆடுகிறார்கள், முட்டிக்கு மேல் டவுசர் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள், நடுக்கோடு கிடுக்கோடெல்லாம் கிடையாது, ஆம்பிளைகள் மாதிரி களம் முழுக்க ஓடுகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. காப்டன் இதைக் கேட்டதிலிருந்தே பட்டியலில் அந்தப் பெயர் பக்கமே போகவில்லை.

"ஆவடிக்கெல்லாம் போய் ஆடணுமா மிஸ்? ஒரே புழுதி. லாரி. சோல்ஜர்ஸ்."

"நாமாகக் கேட்கவில்லையேம்மா. துரைசானி சொல்லி அனுப்பியிருக்கிறார்" என்றார் மிஸ், ஏதோ தான் செய்த தப்பு மாதிரி.

இந்தத் துரைசானிதான் எனக்கு முக்கியம். உடற்பயிற்சி ஆசிரியைகளைத் தயார் செய்யும் பள்ளிக்கு மாணவிகளைத் தேர்ந்தெடுப்பவர் அவர். எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருத்தியை எடுத்துக்கொள்வதாகவும், காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் சிபாரிசை நம்ப மாட்டேன், ஆடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பேன் என்றும் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை ஆவடி கேம்பில் ஒரு ஆபீசர் வீட்டில் தங்கப் போகிறார். அங்கேயே எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்.

அந்த இடம் எனக்குக் கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் சேக்காடு. ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் என் மாமன் மகன் இருந்தான். நான் பிறந்த அன்றைக்கே பேசி வைத்தது. சாப்பிடுவான், தூங்குவான், எழுந்து மறுபடியும் சாப்பிடுவான். நடுவில் ஏதாவது கேட்டால் வாயைத் திறந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பான். எருமை என்று அவனுக்கு மனசுக்குள் நான் பெயர் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம் சொல்லவே முடியாது. அவளுக்கு அண்ணன் மகன் என்றால் உயிர் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வருஷத்தோடு படிப்பு போதும், வேலை என்று கையில் ஒன்று வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று நைனா சொல்லிவிட்டிருந்தார்.

காப்டனுக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. வேலைக்குப் போவதற்காக அல்ல. ஜட்ஜ் மகள் விசிலை ஊதிக்கொண்டு வெயிலில் நிற்பாளா? தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் பிறகு எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஆசை. அப்படியும் ஒரு ஆசை மனுஷருக்கு உண்டு என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

ஆட்டம் காலை பத்து மணிக்கு. சென்ட்ரலிலிருந்து வண்டி ஒன்பதுக்கு மேல். அப்படியானால் ராகு காலத்தில் கிளம்ப வேண்டும். இதைச் சொல்லி ஆவடியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று காப்டன் பார்த்தாள். அதற்கும் வழி இருக்கிறது என்று நான் சொன்னேன். வீட்டில் பெரியவர்கள் கெட்ட நேரத்தில் பயணம் போக வேண்டியிருந்தால், முந்தின நாளே நல்ல நேரத்தில் ஒரு பையையோ குடையையோ வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று சொல்வார்கள். காப்டன் வீட்டில் இது இல்லாமல் யாரும் மாம்பலம்கூடப் போவதில்லை. அதனால் அவளால் மறுக்க முடியவில்லை. நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே வீட்டுக்குப் போகிறேன், குழுவின் பந்தை என்னோடு கொடுத்தனுப்புங்கள், அதுவே பரஸ்தானம், சனிக்கிழமை அம்பத்தூர் ஸ்டேஷனில் உங்கள் வண்டியில் ஏறிக்கொள்கிறேன் என்றேன். மிஸ்ஸின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஒரு கிறிஸ்தவப் பெண்மணி ராகுவிடமிருந்து தப்பித்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னது என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பந்தோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

"இன்னாடி இது, பரங்கிக்காய தூக்கினு வர்ற?" என்றாள் அம்மா.

பந்து என்றேன். அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். சோறு போட்டாள். இரண்டாவது உருண்டையை வாயில் வைக்கும்போது பறைச் சத்தம் கேட்டது. எனக்குக் கை நின்றுவிட்டது.

"இன்னாமா இது? அடுத்த வெள்ளிதானே?"

"இந்த வாட்டி இன்னிக்கே காப்பு கட்றாங்க."

எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முன் காப்புக் கட்டுவார்கள். ஊருக்குள் வருகிற பாதையின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டி, கீழே இரண்டு பேர் காவலுக்கு உட்காருவார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிற பொம்பிளைகள், கூழ் ஊற்றி முடிகிற வரை தோரணத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் கோபித்துக்கொண்டு ஊரில் அம்மை முத்துப் போட்டுவிடுவாள். வெளியில் இருப்பவர்களுக்கு இது இல்லை. நான் மட்டும் அன்றைக்கு விடுதியில் இருந்திருந்தால் அம்மனுக்கும் எனக்கும் எந்தத் தகராறும் இல்லை.

ஏன் ஒரு வாரம் முன்னால் வைத்தார்கள் என்று விசாரித்தேன். ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் ஆவடி கேம்பில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு லீவு கொடுக்க முடியாது, இந்த ஞாயிறென்றால் கொடுக்கிறேன் என்று கன்ட்ராக்டர் சொல்லிவிட்டானாம். சரி என்று அம்மனை ஒரு வாரம் நகர்த்திவிட்டார்கள். காலகாலமாக நகராத அம்மன், ஒரு கன்ட்ராக்டர் சொன்னதும் நகர்ந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் நாளைக்குக் காலைல ஆவடிக்குப் போவணும்மா."

"காப்பு கட்டியாச்சு."

"நாளைக்கு ஆம்பளைங்க எல்லாம் ஆவடிக்குத்தானே போறாங்க?"

"அவங்க பொழுது சாய வந்துடுவாங்க."

"நானும் வந்துடுவேன்."

"அது கூலிடி. இது இன்னா? பந்து."

துரைசானியைப் பற்றிச் சொன்னேன். வேலையைப் பற்றிச் சொன்னேன். சேக்காட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். "காப்பு கட்டியாச்சு" என்று மறுபடியும் சொன்னாள். நைனா ஒரு ஓரமாக உட்கார்ந்து மாட்டுக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். "நீ சொல்லு நைனா" என்றேன். அவர் கயிற்றைப் பார்த்து, "ஊரு பேசும்மே" என்றார். அவர் வாழ்நாள் முழுக்க ஊர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டவர். வீட்டில் பேசினது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை.

அன்றைக்கு நான் அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான். ராகு காலத்தையும் தலைவலியையும் பார்த்துச் சிரித்த எனக்கு, என் ஊர் அம்மனே வைத்த ஆப்பு இது என்று நினைத்துக்கொண்டேன். காப்டனுக்குத் தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது.

நைனா தினமும் விடியற்காலையில் ஒற்றை மாட்டு வண்டியில் கீரையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஆவடி கேம்புக்குப் போவார். பட்டாளத்துச் சமையலுக்கு. மறுநாள் விடிகிற நேரம். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே போனாள். நைனா கீரைக்கட்டுகளை அடுக்கி, வாடாமல் இருக்க மேலே ஈரச் சாக்கைப் போட்டார். நான் பந்தோடு போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் மாட்டின் நுகத்தடியை ஒருமுறை சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தார். நான் சாக்கைத் தூக்கி உள்ளே படுத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது.

முளைக்கீரை ஈரம் முதுகெல்லாம் ஊறியது. தோரணத்துக்குப் பக்கத்தில் வண்டி மெதுவானது. காவலுக்கு உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு லோடு ஜாஸ்தியா கீது?"

சாக்குக்கு மேல் அவன் கை பட்டது. என் வயிற்றோடு அணைத்திருந்த பந்தின் மேல்தான் பட்டது. ஒரு தட்டுத் தட்டினான்.

"பரங்கிக்கா" என்றார் நைனா.

அவர் வாழ்க்கையில் துணிச்சலாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். வண்டி தாண்டியது. பெரிய ரோட்டுக்கு வந்த பிறகு நான் சாக்கை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். கேம்ப் வாசல் வரை அவர் திரும்பியே பார்க்கவில்லை. பார்க்காததால் தனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

அம்பத்தூரில் ரயிலில் ஏறாமல் நேராக வந்துவிட்டதால், குழு வருகிற நேரத்துக்கு ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்து போய்க் காத்திருந்தேன். வண்டி வந்தது. கூடைக்காரிகள் இறங்கினார்கள், சிப்பாய்கள் இறங்கினார்கள். காப்டனும் இல்லை, மிஸ்ஸும் இல்லை, எங்கள் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. வண்டி புகையை விட்டுவிட்டு நெமிலிச்சேரிப் பக்கம் போய்விட்டது. அவர்களை ஏற்றிப் போக வந்திருந்த பட்டாளத்து லாரியில் நான் ஒருத்தி ஏறினேன். கீரைத் தண்ணீரில் நனைந்த புடவையும் கையில் பந்துமாக, ஒரு லாரி நிறைய நான் மட்டும்.

களத்தில் அந்த எட்டுப் பேரும் தயாராக இருந்தார்கள். குடை நிழலில் நாற்காலி போட்டுத் துரைசானி உட்கார்ந்திருந்தார். உன் குழு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரவில்லை என்றேன். ஏன் என்றார். தெரியாது என்றேன். அவர் வாட்சைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

காக்கிப் பெண்களின் தலைவி பெரம்பூர் ரயில்வே காலனியைச் சேர்ந்த சட்டைக்காரப் பெண், ஆங்கிலோ இந்தியக்காரி. நல்ல உயரம். அவள் என்னிடம் வந்தாள்.

"இன்னா மேன், தனியாவா வந்துகீற?"

"ஆமா."

"ஆடறியா?"

"ஆடறேன்."

அவள் துரைசானியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நேரம் உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். தன் ஆட்களை இரண்டாகப் பிரித்தாள். தான் வெளியே நின்று விசிலை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் என்னைப் போட்டாள். நான் புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு, பட்டாளத்துப் பெண்கள் மூன்று பேரோடு சேர்ந்து, பட்டாளத்துப் பெண்கள் நான்கு பேருக்கு எதிராக ஆடினேன்.

முதல் பந்தைப் பிடுங்கினேன். ஓடினேன். நடுவில் வந்ததும் நின்றுவிட்டேன். அங்கே கோடுகூட இல்லை. பழக்க தோஷம். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தேன்.

"இன்னாத்துக்கு நிக்கிற? போ மேன், போ!" என்று அவள் கத்தினாள்.

போனேன். வளையத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. எறிந்தது பலகைக்கும் மேலே போயிற்று. அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்தது வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு நான் நிற்கவே இல்லை. இடித்தார்கள், விழுந்தேன், முட்டி தேய்ந்தது, எழுந்து ஓடினேன். எங்கள் கல்லூரியில் மூன்று வருஷமாக ஆடியது என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. ஏதோ நின்றுகொண்டிருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

முடிந்ததும் துரைசானி கூப்பிட்டார். பெயரைக் கேட்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கீரை என்றேன். பயிற்சிப் பள்ளி திறக்கும்போது வந்து சேர், கல்லூரிக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. குடையை மடக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

கல்லூரிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். திங்கட்கிழமை காப்டனிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்டேன். சென்ட்ரல் வரை எல்லோரும் போயிருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, டவுசர் போட்ட பெண்கள் இடித்தால் என்ன ஆகும் என்று பேசியிருக்கிறார்கள். பேசப்பேசப் பயம் வளர்ந்திருக்கிறது. வண்டி வருவதற்குள் டிபன் ரூமுக்குப் போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இதைக் குழுவில் ஒருத்தி எனக்குத் தனியாகச் சொன்னாள். காப்டன் சொன்னது வேறு.

"பந்து உன்கிட்ட இருந்தது. நீ வருவியோ மாட்டியோ, யாருக்குத் தெரியும்? பந்து இல்லாம நாங்க போய் என்ன பண்றது?"

ராகுவை ஏமாற்ற அனுப்பிய பந்தே அவளுக்குச் சாக்காகிவிட்டது. பக்கத்தில் மிஸ் நின்றிருந்தார். தரையைப் பார்த்தார். அந்த வருஷத்துக் கல்லூரி மலரில் வெளியாட்டங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். கான்வென்ட்டை ஜெயித்தோம், பழைய மாணவிகளை ஜெயித்தோம், நர்சுகளை ஜெயித்தோம், பூந்தமல்லியை ஜெயித்தோம், பந்து கிடைக்காததால் ஆவடி ஆட்டம் நடைபெறவில்லை. துரைசானி தேர்ந்தெடுத்தது யாரை என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அந்த மலரை விடுதிச் சமையல்காரியிடம் அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன். ஆவடியில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கி ஊரைப் பார்த்து நடந்தேன். என் துணியும் புத்தகமும் வீட்டில் இருந்தன. காப்பைத் தாண்டிப் போனவளை உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். சண்டை போடுவது என்று முடிவு செய்துகொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தேன். கன்ட்ராக்டருக்கு நகர்கிற அம்மன் எனக்கு நகர மாட்டாளா என்பது முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதைவிடக் காரமானவை.

தோரணத்துக்குக் கீழே காவல்காரர்கள் இல்லை. வேலையிலிருந்து திரும்பியவர்களோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மா மட்டும் உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு மூட்டை.

"அங்கியே நில்லு" என்றாள்.

நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் வேப்பிலை ஆடிக்கொண்டிருந்தது.

"நீ நேத்து காப்பு கட்றதுக்கு முன்னாடியே ரயிலேறி பட்ணம் பூட்டேன்னு ஊர்ல சொல்லிக்கீறேன். இப்ப உள்ள வந்து என்னிய பொய்க்காரி ஆக்காத. இந்தா, உன் துணி. அப்டியே திரும்பிப் போ."

மூட்டையைத் தோரணத்துக்கு அடியில் காலால் தள்ளினாள். எண்ணெய் வாசனை வந்தது. துணிக்கு நடுவில் அடை சுட்டு வைத்திருந்தாள். நான் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த சண்டைக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. அம்மனுக்குப் பயந்தவள், அம்மன் காப்புக்குள் நின்றுகொண்டே ஊர் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"முட்டில இன்னா ரத்தம்?"

"விய்ந்துட்டேன்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"செரி. திங்கக்கெழம வேலைக்குப் போற ஆம்பளைங்க கைல சேக்காட்டுக்குச் சொல்லி அனுப்பறேன்."

"இன்னான்னு?" என்றேன்.

"இன்னான்னா? அந்த எருமைக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லி. திங்கும், தூங்கும், எய்ந்து மறுபடி திங்கும். என் அண்ணன் புள்ளயாச்சேன்னு இத்தினி வருசமா வாய மூடிகினு இருந்தேன்."

நான் சிரித்தேன். அடக்கப் பார்த்து முடியாமல், மூட்டையின் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். பந்து கையிலிருந்து நழுவித் தோரணத்துக்கு அடியில் உருண்டு உள்ளே போயிற்று. அம்மா குனிந்து அதை எடுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, வேப்பிலைக்கு மேலாக என்னிடம் எறிந்தாள்.

"சிரிக்காதடி, ஊரு கேக்கும்" என்றாள். "போ. வண்டி பூடும்."